ஆட்டக்காரி

நேற்றைய மழையில் நனைந்த பேரனின் கம்பளிக் குல்லாய் கொடியில் தொங்கியது. அந்த ஈர வாசத்துக்கு மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ செல்லம் அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. பூப்பந்து ஆடுவாள். மஞ்சள் கம்பளிப் பந்து, தூறலில் நனைந்தால் இதே வாசம்தான். இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் ஆம்பளைகள் பட்டாளத்துக்குப் போய்விட, புதுக்கோட்டையில் ஒரு பொருட்காட்சிக் காண்ட்ராக்டர் பெண்களைக் கட்சி கட்டி, சம்பளம் கொடுத்து, டிக்கெட் போட்டு ஆடவிட்டார். சண்டை முடிந்தும் சில வருஷம் ஓடியது. நான் பார்த்தது சமஸ்தானம் ஒழிந்த பிறகு. பக்கத்தில் நிற்கிறவர்களிடமெல்லாம் "எங்க அத்தை" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். நான் அடித்தால் ஒரு பந்துகூட வலையைத் தாண்டாது, அது வேறு கதை.

ஆவுடையார்கோவில் திருவிழாவுக்கு ஆட்டம் பேசியிருந்தார்கள். அந்த ஊரிலேயே அத்தைக்கு மாப்பிள்ளையும் பேசி முடித்திருந்தது. பந்தாடுவது அவர்களுக்குத் தெரியும், தடை சொல்லவில்லை. கெடுத்தது அச்சாபீஸ். ஆண்கள் ஆடினால் நோட்டீஸில் 'ஆட்டக்காரர்கள்' என்று போடுவது வழக்கம். அச்சுக் கோக்கிறவர் அதைப் பெண்பாலாக்கி, 'புதுக்கோட்டை ஆட்டக்காரிகள்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார். இலக்கணப்படி சரிதான்; ஊர்ப் பேச்சில் அது சதங்கை கட்டி ஆடுகிறவள். 'வீராங்கனை' எங்கள் பக்கம் வந்துசேர இன்னும் நாளிருந்தது.

மாப்பிள்ளையின் தகப்பனார் நோட்டீஸோடு வந்தார். உட்காரவில்லை.

"ஆட்டக்காரியவா எங்க வீட்டுக்குக் குடுக்கப் பாத்தீங்க? ஊரே சிரிக்குதுங்க."

"பந்தாட்டம்ங்க" என்றார் அப்பா.

"அது ஒங்களுக்குத் தெரியும். செவுத்துல படிக்கிறவனுக்குத் தெரியுமா?"

அவர் போனதும் அத்தை வெளியே வந்தாள். "சம்பந்தம் போனாப் போவுதுண்ணே. நான் ஆடப் போறேன்."

அப்பா அழுதார். "இனிமே ஒன்னய யாருக்குத்தா கட்டிக் குடுப்பேன்?" அடித்திருந்தால் அத்தை போயிருப்பாள். அழுததால் உட்கார்ந்துவிட்டாள். மற்ற வீடுகளிலும் பெண்களை நிறுத்திக்கொண்டார்கள். அந்தத் திருவிழாவில் பந்தாட்டம் இல்லை, அதற்கப்புறம் எங்கேயும் இல்லை. காண்ட்ராக்டர் மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் விடப் போய்விட்டார். பாவி மனுஷன், ஒரு வார்த்தை வந்து கேட்கவில்லை.

அத்தை நார்த்தாமலைப் பக்கம் இரண்டாந்தாரமாகப் போனாள். புதிதில் அவள் வலது கையைப் பார்த்துவிட்டு மாமா கேட்டாராம், "என்ன இப்படிக் காச்சுக் கெடக்கு?" என்று. "ஒலக்கை பிடிச்சதுங்க" என்றிருக்கிறாள். அவளே சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அறுபதுகளில் ஒரு தரம் போயிருந்தேன். நெல் குத்திக்கொண்டிருந்தவள் உலக்கையைச் சாத்திவிட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். மட்டை பிடித்த காய்ப்பு இருந்த இடமே தெரியவில்லை. வேறு இடத்தில் காய்த்திருந்தது.

"அன்னைக்குப் பொய் சொன்னேன்ல" என்றாள். "இப்ப நெசமாயிருச்சு."