ஸ்லோவாக் ஆன்டி வாசித்த கதை

அமெரிக்காவில் எடிசன் நகரில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு நேர் எதிர்க் கதவு ஸ்லோவாக் ஆன்டியுடையது. அவர் ஓர் எழுத்தாளர் என்று அம்மா சொன்னபோது நான் நம்பவில்லை. எழுத்தாளர் எதற்கு பேக்கரியில் வேலை பார்க்கவேண்டும்? அவருடைய நாட்டில் பழைய அரசாங்கம் பல வருடங்கள் அவர் எழுத்தை அச்சேற விடவில்லையாம். தோழிகள் கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்து, ரகசியமாகக் கைமாற்றிப் படித்தார்களாம். எல்லாம் லாண்ட்ரி ரூமில், துணி காயும் நேரத்தில், இருவருடைய அரைகுறை ஆங்கிலத்தில் அம்மா சேகரித்த செய்திகள்.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஊர் நூலகத்தில் ஆன்டியின் கதை வாசிப்புக்கு ஏற்பாடாயிற்று. அம்மா பட்டுப்புடவைக்கு மேல் அப்பாவின் விண்டர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு என்னையும் இழுத்துப் போனாள். அங்கே என் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். உடனே நான் அம்மாவை விட்டு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

ஆன்டி தானே மொழிபெயர்த்த ஆங்கிலத்தில் வாசித்தார். போருக்குப் போய்த் திரும்பாத கணவனின் சட்டையை வாராவாரம் துவைத்துக் காயப்போடும் மலைக்கிராமத்துப் பெண்ணின் கதை. முன்வரிசைப் பெரியவர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே இருந்தார். ஓரிடத்தில் ஆன்டி நிறுத்திவிட்டார். முகம் சிவந்திருந்தது.

அம்மா எழுந்து நின்றாள்.

"ப்ளீஸ், யூ ரீட் இன் யுவர் லாங்குவேஜ். வீ வில் லிசன்."

எல்லாத் தலைகளும் திரும்பின.

"இஸ் தட் யுவர் மாம்?" என்றாள் வகுப்புப் பெண்.

காது மடல்கள் கொதிக்க, நாடாவே இல்லாத ஷூவைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ஆன்டி தன் மொழியில் வாசித்தார். வேறு யாரோ வந்து வாசிப்பதுபோல் இருந்தது. சிலர் எழுந்து போனார்கள். முடிந்ததும் அவர் நேராக வந்து அம்மாவின் கைகளைப் பற்றிக்கொண்டார். அம்மா எல்லார் முன்னாலும் அழுதாள். நான் நிமிரவேயில்லை.

காரில் ஏறியதும், ஒரு வார்த்தைகூடப் புரியாமல் எதற்கு அழுதாய் என்று கேட்டேன்.

"புரியணுமா என்னடி? அவங்க குரலைக் கேட்டியா? நானும் அப்படி மனசு விட்டுப் பேசி எவ்ளோ நாளாச்சு!"

அதான் என்னிடம் தினமும் பேசுகிறாயே என்றேன்.

அம்மா காரைக் கிளப்பினாள். அதையும் நான் ஆங்கிலத்தில்தான் சொன்னேன் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.