வலைக்கூண்டில் மருந்தடித்த அன்று

விதைப் பண்ணையில் என் அக்காவை லென்ஸ்காரி என்றால்தான் தெரியும். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். நானும் அங்கேதான் டிராக்டர் ஓட்டுகிறேன்.

சோயாப் பூ அரிசி அளவுதான். விரிவதற்கு முன்பே தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொண்டு காய் பிடித்துவிடும். வெளியாளை அண்டவே விடாது. இரண்டு ரகத்தைக் கலந்து வீரிய விதை எடுக்க, மகரந்தமே இல்லாத செடி வேண்டும். அதை மலட்டு வரிசை என்போம். அதில் மகரந்தத்தோடு பூக்கும் கலவனைப் பிடுங்கி எறிவது அக்கா வேலை. தயவு தாட்சண்யம் கிடையாது. வீட்டிலும் அப்படித்தான், மச்சான் பாவம்.

மச்சான் பண்ணைக்கு மருந்தடிப்பவர். ஒரு விதைப்புப் பட்டத்தில், பல வருஷம் பாடுபட்டு உருவாக்கிய புது மலட்டு வரிசையின் மொத்த விதையையும் ஒரே வலைக்கூண்டில் விதைத்திருந்தார்கள். பக்கத்தில் நட்ட, மகரந்தமுள்ள அதே ரக வரிசையிலிருந்து மகரந்தம் சுமக்க உள்ளே தேனீ விட்டிருந்தார்கள். இலையை வட்டமாக வெட்டிக் கூடு கட்டும் வகை அது. லீவு முடிந்து வந்த மச்சான் இலை ஓட்டைகளைப் பார்த்தார். புழுதான் என்று முடிவு கட்டி, டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அக்கா வந்தபோது தேனீயெல்லாம் தரையில்.

“ஏய்யா, புழு என்ன கத்தரிக்கோல் வச்சா வெட்டும்?”

“பூச்சிய வளக்குறாங்கன்னு எனக்கு எவன் சொன்னான்?” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “பக்கத்துக் காட்டு மருந்து காத்துல வந்துச்சுன்னு சொல்லிரலாமா?”

அக்கா நேராக மேலாளர் அறைக்கு நடந்தாள்.

“சார், எங்க வீட்டுக்காரர்தான் அடிச்சாரு. அப்புறமா திட்டிக்குங்க. இன்னும் கொஞ்ச நாள்தான் பூ இருக்கும். ரெண்டு இடுக்கி குடுங்க, கையால சேக்குறோம்.”

“ரெண்டா?”

“அவரு சும்மாதானே நிக்கிறாரு.”

மருந்து வாடை அடங்கியதும் இருவரும் வரிசைக்கு இருபுறமும் மண்டியிட்டார்கள். பக்கத்து வரிசைப் பூவைப் பிரித்து, மலட்டுப் பூவின் முனையில் தொட வேண்டும். மச்சான் விரல் ஒவ்வொன்றும் வெண்டைக்காய். தொட்டதில் பாதி உதிர்ந்தது.

“மெதுவாய்யா. கல்யாணம் பண்ணி வைக்கிறோம், கழுத்த நெரிக்கல.”

“நம்ம கல்யாணத்துல என்கிட்ட யாரும்மா மெதுவா நடந்துக்கிட்டா?”

அக்கா அன்று பொய்க்குத் தலையாட்டியிருந்தால், பூ இருந்த நாளெல்லாம் விசாரணையிலேயே போயிருக்கும். டிராக்டரில் உட்கார்ந்து இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்காது.

அறுப்பில் ஒரு கைப்பிடி விதை கிடைத்தது. அடுத்த பட்டத்துக்கு அது போதும், வரிசை பிழைத்தது. மேலாளர் அதை உறையில் கொட்டும்போது ஒரு விதை மேசைக்கடியில் உருண்டது. யாரும் சொல்லாமலே மச்சான் தரையில் குப்புறப் படுத்துவிட்டார்.