சோலோனில் கேட்ட கிளாஸ்

சைகோனில் அப்போது யுத்த காலம். பிரான்சுக்கே திரும்பிய என் பிரெஞ்சு முதலாளி, முப்பது வருஷப் பழைய இனிப்பு வெள்ளை ஒயின் இரண்டு புட்டி கொடுத்துவிட்டுப் போனார். நண்பர்களோடு, சைகோனின் சீனர் பேட்டையான சோலோனில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கொண்டுபோனேன். மிளகாயில் மிதந்த பன்றிக்கறி நாக்கை எரித்தது. தேன் நிற ஒயின் அதை ஆற்றியது. முதல் புட்டியைத் தேநீர்க் கோப்பைகளிலேயே காலிசெய்தோம். இரண்டாவதையும் அவற்றில் ஊற்றிய பிறகுதான், இப்பேர்ப்பட்ட ஒயினைத் தேநீர்க் கோப்பையில் குடிப்பது எனக்கு உறுத்தியது.

“லூயி, எல்லாருக்கும் கிளாஸ் கொண்டா” என்றேன்.

எங்கள் கூட்டத்தில் இளையவனான லூயி சைகோனிலேயே பிறந்த பாண்டிச்சேரிக்காரன், நான் மதராஸ்காரன். அவன் ஒரு கிண்ணம் ஐஸ் கொண்டுவந்து கோப்பைகளில் போட்டான். அந்த ஒயினில் ஐஸ். வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்தேன். காலிப் புட்டியை எடுத்து அவன் தலையில் அடித்தேன். புட்டி உடைந்து, ரத்தம் அவன் கண்ணுக்குள் இறங்கியது.

“கிளாஸ் குடுண்ணே” என்று கை நீட்டினான்.

திருப்பி அடிக்கத்தான் கேட்கிறான் என்று வயிற்றில் உதைத்தேன். விழுந்தவன் தரையைத் தடவி, சிதறிக் கிடந்த ஐஸ்கட்டி ஒன்றை எடுத்துக் காயத்தில் அழுத்திக்கொண்டான்.

பிரெஞ்சில் ஐஸுக்குக் கிளாஸ் என்றுதான் பெயர். எனக்குத் தெரியாத வார்த்தை இல்லை; முதலாளி வீட்டில் தினமும் காதில் விழுந்ததுதான். அன்றைக்கு என் வாயிலிருந்தே வந்தும் எனக்குக் கேட்கவில்லை.