வெலெபித் மலையில் கடைசி ஆள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு இது நடந்தது. 1943 ஜனவரி, வெலெபித் மலை. நள்ளிரவு அல்ல, பட்டப்பகல்.

என் பெயர் டோன்கா. போருக்கு முன் மீன் டப்பா ஆலையில் வேலை. அன்று கொரில்லாப் படையில் நாங்கள் முப்பத்தொரு பேர் பனியில் ஒற்றை வரிசையாக நடந்தோம். எங்கள் கமிசார், அதாவது படையின் அரசியல் அதிகாரி, யெர்கோ; ஸ்ப்ளிட் நகரக் கப்பல் பட்டறைத் தொழிலாளி. தடைசெய்யப்பட்ட கட்சியின் வேலைக்காக ஐந்து வருடம் சிறை, அப்புறம் ஸ்பெயின் போர். எப்போதும் கடைசி ஆளாகத்தான் நடப்பார். அந்த இடத்தை யாருக்கும் தரமாட்டார். அன்று வழிகாட்டிக்குக் காய்ச்சல். பாதை தெரிந்த யெர்கோ முன்னால் போக வேண்டியதாயிற்று. கடைசி இடம் எனக்கு.

மூன்று இருபதுக்கு மூடுபனி இறங்கியது. முன்னால் போன சீரோவின் முதுகுகூடத் தெரியவில்லை. கீழே எங்கள் மண்ணைப் பிடித்திருந்த இத்தாலிக்காரர்கள். கத்த முடியாது. வரிசை அறுந்துவிட்டதா என்று பார்க்க, முன்னாலிருந்து ஒரு கேள்வி வாய்மாறி வாய்மாறி வரும். "தொடர்பு இருக்கா?" கடைசி ஆள் "இருக்கு" என்றால், பதில் அப்படியே முன்னால் போகும்.

மூன்று நாற்பது. கேள்வி வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள்...

"இருக்கு."

எனக்குப் பின்னாலிருந்து.

"என்னடி, ஆம்பளக் குரலா மாறிடுச்சு? சளியா?" என்றான் சீரோ.

திரும்பிப் பார்த்தேன். வெறும் வெள்ளை.

சளக்... சளக்... பூட்ஸ் சத்தம் இல்லை. ஈரத் துணியைத் தரையில் அடிப்பதுபோல.

நின்றேன். அதுவும் நின்றது.

நான்கு ஐந்து. மறுபடி கேள்வி.

"இருக்கு."

இப்போது என் காதருகே. மூச்சில் சூடில்லை.

"யெர்கோ என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

ஓடினேன்.

ஐந்து மணிக்கு ஓர் ஆட்டிடையர் குடிசையை அடைந்தோம். யெர்கோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"காலடிச் சத்தம் எப்படி இருந்துச்சு?"

சொன்னேன். அவர் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே நீ கடைசில வராத, டோன்கா."

ஏப்ரலில் குண்டடிபட்டு இறந்தார். நான் ஏன் கடைசியில் வரக்கூடாது என்பதைச் சொல்லவே இல்லை.

1946இல், ஸ்பெயினில் அவரோடு இருந்த ஒருவரை ரியேகா நகரில் சந்தித்தேன். எல்லையிலுள்ள பைரனீஸ் மலையைத் திருட்டுத்தனமாகக் கடந்துதான் அவர்கள் ஸ்பெயினுக்குள் போனார்களாம். சத்தம் வரக்கூடாதென்று எல்லார் காலிலும் கயிற்றுச் செருப்பு, பனியில் ஊறித் துணிபோல ஆகிவிட்டதாம். யெர்கோவுக்குப் பின்னால் ஒரே ஒருவன், ஃப்ரானே. எல்லையைத் தாண்டியதும் பார்த்தால் ஃப்ரானே இல்லை.

"எங்க விழுந்தான்னே தெரியல," என்றார் அவர். "ஆனா ரெண்டு மணி நேரமா 'இருக்கு'ன்னு பதில் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. நின்னா எல்லாரும் மாட்டிக்குவோம்னு, அவனுக்காக யெர்கோதான் சொல்லிக்கிட்டு வந்திருக்கான்."