செட் மாத்திரை

அந்த வருஷக் குறுவை நடவின்போது எங்கள் தெருவிலேயே அழகாக இருந்தவள் என் அம்மாதான். நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவளுக்கு முகம் இப்படி உருண்டு பளபளக்கிறதே என்று அத்தைக்கு வயிற்றெரிச்சல். "என்ன சாப்பிடுறீங்க அண்ணி, எங்களுக்கும் சொல்லுங்க" என்பாள். அம்மா சிரித்து மழுப்பிவிடுவாள்.

விஷயம் எனக்குத்தான் தெரியும். அப்போது ஆறாம் வகுப்பு; பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், மருந்துக்கடையில் "உடம்புவலிக்கு ஒரு செட்" என்று கேட்பேன். சீட்டு, டாக்டர் ஒன்றும் வேண்டாம். நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். அம்மாவின் இடுப்புவலி போன இடம் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்தால் நடவுக்கே போகவிட மாட்டார் என்பதால் மாத்திரை அரிசிப் பானைக்குள் இருந்தது.

அறுப்புக்கு முன்பே அம்மாவின் நாக்கில் பாலாடை போல வெள்ளை படிந்தது. துணியால் துடைத்தால் ரத்தம் கசிந்தது. சூடு என்று மோர் குடித்தாள். பிறகு மோரும் இறங்கவில்லை. காய்ச்சல் வந்த அன்று என் கையைத் தன் தலையில் வைத்து, "மாத்திரை விஷயத்த யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுடி" என்றாள். பண்ணினேன்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. டாக்டரம்மா அப்பாவிடம் சொன்னார்: "இந்தக் காளான் எல்லார் வாயிலயும் இருக்கறதுதாங்க. வெள்ளை அணுக்கள் தின்னு தின்னு அடக்கி வச்சிருக்கும். இவங்களுக்கு அந்தக் காவலே இல்ல. ரத்தம் வரைக்கும் போயிடுச்சு. வலிக்கு ஏதாவது மாத்திரை போட்டாங்களா?"

அப்பா இல்லை என்றார். அத்தை இரண்டடி தள்ளி நின்று, இது வேறு ஏதோ கெட்ட நோய் என்று முணுமுணுத்தாள். டாக்டரம்மா என்னிடம் குனிந்தார். "உனக்குத் தெரியுமா பாப்பா?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

அந்தச் செட்டில் இருந்த ஸ்டீராய்டுதான் முகத்தை ஊத வைத்து, காவலையும் முடக்கியது என்று நர்சிங் படிக்கும்போது தெரிந்துகொண்டேன். நான் வாயைத் திறந்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாளா என்று இன்றுவரை யாரிடமும் கேட்கத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள் அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து அழுதேன். தலையில் கை வைத்துச் செய்த சத்தியத்தை மீறினால்தானே அம்மா சாவாள்? நான் மீறவே இல்லையே, பிறகு ஏன் செத்தாள் என்றுதான் அன்று எனக்கு விளங்கவில்லை.