ஆமை தானாகப் பேசாது

என் காதுகுத்தில் பெரியப்பாவை முதல் பந்திக்குக் கூப்பிட அப்பா மறந்துபோனார். பெரியப்பா சாப்பிடாமலே கொட்டாம்பட்டிக்குப் பஸ் ஏறிவிட்டார். அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அப்போது நான் கைக்குழந்தை. காதில் போட்ட ஓட்டைகூட ஒரு பக்கம் தூர்ந்துவிட்டது, சண்டை தூரவில்லை.

"சொந்தத் தம்பி வீட்டு விசேஷத்துல கூப்பிட்டாத்தான் உக்காருவாராக்கும்?" என்பது அப்பாவின் கட்சி. "சாப்பிட வாங்கண்ணேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா?" என்பது பெரியப்பாவின் கட்சி. இது எங்களுக்குச் சொந்தக்காரர்கள் மூலம் தவறாமல் வந்து சேரும்.

சாவு விழுந்த கேத வீடுகளில் பெரியப்பாவைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். என்னைப் பார்த்துச் சிரிப்பார். அப்பா திரும்பினால் சிரிப்பை நிறுத்திக்கொள்வார். அந்தச் சிரிப்புக்காகவே அவர் என் கல்யாணத்துக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அங்கேதான் சிக்கல். எங்கள் வழக்கப்படி முதல் பத்திரிகை குலசாமிக்கு. அடுத்தது பங்காளிகளில் மூத்தவருக்கு, வீடு தேடிப் போய்த் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும். பிறகுதான் மற்றவர்களுக்கு. குலசாமிக்கு அப்பா உடனே கொடுத்துவிட்டார். சாமியோடு அவருக்குத் தகராறு ஏதும் இல்லை. மூத்த பங்காளி பெரியப்பா. அப்பா அங்கே போகவும் மாட்டார், அவரை விட்டுவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கவும் மாட்டார். வழக்கத்தை மீறக் கூடாதாம். பத்திரிகைக் கட்டுகள் பீரோவுக்குப் பக்கத்தில் அப்படியே கிடந்தன. அம்மா அவற்றின் மேல் மடித்த துணிகளை வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அவரு வருவாரு பாரு. தாலி கட்டுற நேரத்துல மண்டபத்து வாசல்ல வந்து நிப்பாரு" என்றார் அப்பா. பத்திரிகையே போகாமல் மண்டபம் எதுவென்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதெல்லாம் தெரியும் என்றார். சினிமா பார்த்துப் பார்த்து வந்த நம்பிக்கை அது.

அந்தச் சமயத்தில் நான் எங்கள் ஊரான பரவையில் வீட்டிலிருந்தபடியே ஒரு வீடியோ கேமுக்குத் தமிழ் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு அனிமேஷன் படத்தை கேமாக மாற்றியிருந்தார்கள். தன் கூட்டத்துக்குத் தண்ணீர் தேடிப் போகும் குட்டி யானையின் கதை. படத்தில் யானை வழி தெரியாமல் தவிக்கும்போது ஒரு கிழ ஆமை தானாகவே வந்து வழி சொல்லும். வீட்டில் படத்தைப் போட்டுப் பார்த்தபோது அந்த இடத்தில் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஃபேனில் தூசி என்று சொன்னார்.

கேமில் அந்தக் கதையெல்லாம் நடக்காது. யாரும் தானாக வர மாட்டார்கள். தலைக்கு மேல் ஒரு ஆச்சரியக்குறியோடு அவரவர் இடத்தில் நிற்பார்கள். நாம் போய் பட்டனை அழுத்தினால்தான் வாயைத் திறப்பார்கள். ஆளுக்கு மூன்று வசனம். நான்காவது முறை கேட்டால் பழையபடி முதல் வசனம். எங்கள் சொந்தக்காரர்களுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு இதை எழுதுவது சிரமமாக இல்லை.

கேம் ஆடியே பழகாத ஒருவருக்கும் வசனம் புரிகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அப்பாவை உட்கார வைத்தேன். யானையை எப்படியோ ஆமைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"என்னப்பா?"

"இப்பப் பேசும் பாரு."

யானை காதை ஆட்டியது. ஆமை கண்ணைச் சிமிட்டியது. அம்மா காபி கொண்டுவந்தாள். அப்பா குடித்து முடித்தார். ஆமை சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"அது தானாப் பேசாதுப்பா. நீங்கதான் பேசணும்."

"இம்புட்டுத் தூரம் வந்துருக்கேன், என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கேக்காது."

"நானும் பேசலைன்னா?"

"அது பாட்டுக்கு நிக்கும். நாளைக்கு வந்தாலும் அங்கனதான் நிக்கும். தண்ணி வராது, கதை நகராது." எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அதுக்கும் சொல்றதுக்கு இருக்குப்பா. அதான் தலைக்கு மேல குறி போட்டிருக்கு."

அப்பா கொஞ்ச நேரம் ஆமையையே பார்த்தார். பட்டனை அழுத்தவில்லை. எழுந்து போய்விட்டார். வசனம் புரிகிறதா இல்லையா என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று.

மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "தாம்பாளத்தை எடு, கொட்டாம்பட்டி போறேன்" என்றார். நானும் கூடவே கிளம்பினேன்.

பெரியப்பா முற்றத்தில் நிலக்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், மறுபடி கடலையைப் பரப்பினார். அப்பா தாம்பாளத்தோடு அவர் முன்னால் போய் நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். காபி கொடுத்தால் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார் போலிருந்தது.

அப்பா தாம்பாளத்தை என் கையில் கொடுத்தார். கல்யாணம், பத்திரிகை என்று எதுவும் சொல்லவில்லை.

"அண்ணே, சாப்பிட வாங்க" என்றார்.

அது பெரியப்பாவின் சொந்த வீடு. சாப்பாட்டு நேரமும் இல்லை. பெரியப்பா கடலையைப் போட்டுவிட்டு எழுந்தார். தொட்டியில் கை கழுவினார். உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பெரியம்மா பதறிப்போய், வீட்டில் இருந்த பழைய சோற்றைக் கொண்டுவந்தாள். அப்பா அவள் கையிலிருந்து சட்டியை வாங்கி, குனிந்து, அவரே பரிமாறினார்.

பெரியப்பா நிமிர்ந்து பார்க்காமல் சோற்றைப் பிசைந்தார்.

"ஒரு பந்தி போட இம்புட்டு நேரமாடா?" என்றார்.