‘புரோட்டீனேஷஸ்’ என்று நான் கொடுத்த ரிப்போர்ட்

காஞ்சிபுரத்தில் துணி சோதிக்கும் லேப் ஒன்றில் வேலை பார்க்கிறேன். நான் சேர்ந்த மூன்றாவது மாதம் நடந்தது இது. புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

திருப்பருத்திக்குன்றத்து சுலோச்சனா அம்மா, புதுச் சேலையிலிருந்து கொஞ்சம் நூல் உருவிக் கொண்டுவந்தார். “இது என்ன நூல்னு பாத்துச் சொல்லும்மா” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் சமணர், புழுவைக் கொன்று எடுத்த பட்டை உடுத்துவதில்லை என்பது அவர் விரதம். கடைக்காரர் ‘செடி நார்ப் பட்டு’ என்று சொல்லி விற்றிருக்கிறார். மறுநாள் கோயில் பூஜைக்குக் கட்டலாமா, கூடாதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நூலைக் கொளுத்தினேன், முடி கருகும் வாசனை. காரத்தில் போட்டேன், கரைந்தது. ஃபார்மேட்டில் இருந்தபடி ‘புரோட்டீனேஷஸ் ஃபைபர்’ என்று டைப் செய்து கொடுத்தேன்.

ஒரு மணி நேரத்தில் சேலைப் பையோடு கடைக்காரரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“இன்னாம்மா எழுதி வச்சிருக்குற? எங்க தெருவுல ஒருத்தராலயும் படிக்க முடியல.”

பொறுமையாகப் பிரித்துச் சொன்னேன். நான்கு அசை: புரோ, டீ, நே, ஷஸ். அழுத்தம் மூன்றாவதில். முன்பகுதி ‘முதன்மையான’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பின்னொட்டு லத்தீன், ‘அந்தத் தன்மையுள்ள’ என்று பொருள். ஆக, புரோட்டீன் தன்மையுள்ளது.

கடைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “புரோட்டீன்தானே? பருப்புலகூட இருக்குது! அப்போ செடிதான். நான் சொன்னேனா இல்லையாக்கா?”

“உன்ன யாருப்பா கேட்டா? நீ சொல்லும்மா. புழுவா, செடியா?”

உள்ளேயிருந்து மேனேஜர் குரல்: “ஃபார்மேட்ட மட்டும் மாத்திடாதம்மா, ஆடிட்ல கேப்பாங்க.”

மூன்று பேர் மீதும் எரிச்சல் வந்தது. அதைவிட எரிச்சல், கடைக்காரர் பேச்சில் பாதி சரி என்பது. சோயாவிலிருந்தும் நூல் எடுக்கிறார்கள்; அதற்கும் இதே பெயரடைதான். அசை, அழுத்தம், வேர் என்று அத்தனையும் சொன்ன நான், அந்த அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கவில்லை.

இருவரையும் உட்காரச் சொன்னேன். நூலைக் குறுக்கே வெட்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். முக்கோணம் முக்கோணமாகத் தெரிந்தது; பட்டுப்புழு நூலின் வடிவம் அது. ரிப்போர்ட்டின் அடியில் பேனாவால் எழுதினேன்: ‘பட்டுப்புழுக் கூட்டிலிருந்து எடுத்த நூல். செடி நார் அல்ல.’ கையெழுத்தும் போட்டேன்.

சுலோச்சனா அம்மா ஒரே தடவை படித்தார். சேலைப் பையைக் கடைக்காரர் மடியில் வைத்தார்.

“நாளைக்கு நான் பருத்தியே கட்டிக்கிறேன். இத நீ எடுத்துக்கினு போய் சாம்பார் வை.”

இப்போதெல்லாம் நூலைக் கையில் வாங்கும்போதே, “இது தெரிஞ்சா என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்கிறேன். எந்தச் சோதனை என்பதை அதன் பிறகுதான் முடிவு செய்கிறேன்.